பெட்டிக்குள் தொலைந்த கதவு

இனி ஒரு சத்தத்தைத் தேடித் தன் ஆயுளில் ஒரு நிமிஷம்கூட வீணாக்குவதில்லை என்று டும்டும் சபதம் எடுத்தார். எடுத்த இடம் சாப்பாட்டு மேஜை. கேட்ட ஒரே ஆள் அவர் மனைவி. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை டும்டும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

டும்டும் என்பது மாடிவீட்டுக்காரர் வைத்த பெயர். விளம்பரங்களுக்குப் பின்னணி இசை போடுவது இவர் தொழில். வாத்தியம் என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் ஒரே பெட்டிதான். தட்டையான பெட்டி, மேலே வரிசையாகப் பொத்தான்கள், ஓரத்தில் ஒரு திருகு, தீப்பெட்டி அளவில் ஒரு திரை. கடைக்காரர் அதை சீக்வென்சர் என்று சொல்லி விற்றார். மழை, முரசு, தும்மல் என்று எதை வேண்டுமானாலும் உள்ளே பிடித்துப் போட்டு, வேண்டிய வரிசையில் தாளமாக அடிக்கவிடலாம். அதற்காகவே டும்டும் வீட்டில் மைக்கை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்.

போடுவது சுலபம். திரும்ப எடுப்பதுதான் பிராணசங்கடம். திருகைத் திருகத் திருகத் திரையில் ஒவ்வொரு பெயராக வரும், வரும்போதே ஒலித்துக்கொண்டும் வரும். கதவு, கதவு புது, கதவு ரொம்பப் புது, கதவு கடைசி, கதவு உண்மையிலேயே கடைசி. இவர் ஒரு கதவை எடுப்பதற்குள் தெருவில் பாதிப் பேர் தங்கள் வாசலுக்கு வந்து யாரென்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. மருந்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கை அதை எடுத்திருக்கும். அடிக்கடி கேட்பதைக் கைக்கெட்டும் தட்டில் வை, மற்றதை எழுத்து வரிசையில் அடுக்கு, வேலை முடிந்தது என்று அவள் யோசனை சொன்னாள். டும்டும் பரிதாபத்தோடு சிரித்தார்.

"இது மாத்திரை இல்லம்மா, கலை. கலைஞன் உணர்ச்சியிலதான் தேடுவான். கோபம், சோகம், பயம், நிம்மதின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடுக்கு. ஒரு சத்தத்தைக் கேட்டா மனசுக்கு என்ன தோணுதோ, அந்த அடுக்குல போட்டுருவேன்."

"யாரு மனசுக்கு?"

"என் மனசுக்குதான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் ஒரு பழைய வழக்கு இருந்தது. பெட்டியும் வயர்களும் மேஜையைப் பிடித்துக்கொண்டதால் இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். டும்டும் சின்ன அறையைக் கேட்டார். அதில் அவளுடைய தையல் மிஷின் இருந்தது.

"சரி. நல்ல முறைன்னா அடுத்தவங்களும் கேக்காம எடுக்கணும், எங்க கடையில அப்படித்தான். உங்களைக் கேக்காம நான் ஒரு சத்தத்தை எடுத்துட்டா ரூம் உங்களுக்கு. முடியலைன்னா பெட்டி பரணுக்கு."

டும்டும் குஷியாகத் தலையாட்டினார். வேண்டுமென்றே எடுக்காமல் இருந்துவிட்டுப் பெட்டியைப் பரணில் ஏற்ற அவளால் முடியும் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. ராப்பகலாக அடுக்கினார். ஒவ்வொரு சத்தத்தையும் கண்ணை மூடிக் கேட்டு, நெஞ்சைத் தொட்டு, உண்மையாக அடுக்கினார்.

ஒரு மதியம் விளம்பரக்காரர் வந்து சேர்ந்தார். பூட்டுக் கம்பெனி வேலை. போன தடவை இங்கே கேட்ட ஒரு கதவுச் சத்தம் அவர் மனசில் ஒட்டிக்கொண்டதாம். கம்பெனி முதலாளிக்கு வாயாலேயே செய்து காட்டினாராம், அவர் சொக்கிப்போனாராம். அந்தக் கதவு இருந்தால் கம்பெனி விளம்பரமெல்லாம் டும்டும்முக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான். டும்டும்முக்கு உருப்படியான வேலை வந்து வெகுநாளாகியிருந்தது. இதையும் விட்டால் பெட்டி தானாகவே பரண் ஏறிவிடும்.

கோபத்தில் தேடினார். பாத்திரம் விழுந்தது, மாடிவீட்டுக்காரர் செருமினார், கதவு இல்லை. சோகத்தில் ஷட்டர் இறங்கியது, குழாய் சொட்டியது. பயத்துக்குள் எட்டிப் பார்த்தவர் என்னவோ கேட்டுச் சட்டென்று வெளியே வந்துவிட்டார். நிம்மதியைத் திறக்க அவருக்குத் தோன்றவே இல்லை. அப்போது அவரிடம் அது இல்லை.

விளம்பரக்காரர் பையைத் தோளில் மாட்டுகிற நேரத்தில் மனைவி சாப்பாட்டுக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். எப்படி இருக்கும் அந்தச் சத்தம் என்று விசாரித்தாள்.

"படார்னு ஒரே சாத்து மேடம். பின்னாடியே சாவிக்கொத்து சிணுங்கும். அப்படியே வீட்டுச் சத்தம்."

அவள் தன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன அன்று அவள் சாத்திய கதவு அது. அவள் டும்டும்மை ஒன்றும் கேட்கவில்லை. நேராக நிம்மதி அடுக்குக்குப் போய்த் திருகினாள்.

படார். சாவி சிணுங்கியது.

விளம்பரக்காரர் துள்ளிக் குதித்தார். இதேதான், வேலை உங்களுக்குத்தான் என்று டும்டும்மின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டும்டும் அவர் கையை விட்டுவிட்டுப் பெட்டியை நோக்கிப் பாய்ந்தார். அவள் அதற்குள் திருகிவிட்டாள். அடுத்தது அவளுடைய ஸ்கூட்டர் கிளம்பித் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது. அதற்கடுத்து அவள் குரல்: "இன்னைக்கு வர லேட்டாகும்." விளம்பரக்காரர் ரசித்துக் கேட்டார்.

பிறகு அவள் பயத்துக்குப் போனாள். அதே ஸ்கூட்டர் வந்து நின்றது. கேட் திறந்தது. செருப்பு படியேறியது. "என்னங்க" என்று அவளே கூப்பிட்டாள்.

விளம்பரக்காரருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அவசரமாக விடைபெற்றார்.

"அது வந்து... அடுக்கும்போது தவறி விழுந்திருக்கும்மா."

"போறதெல்லாம் ஒரு பக்கமும் வர்றதெல்லாம் ஒரு பக்கமுமா?"

டும்டும் வெட்கத்தில் குறுகிப்போனார். ஆனால் அவள் கோபப்படவில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி, உங்களைக் கேட்காமலே எடுத்துவிட்டேன், பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், ரூமை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள் என்று மனசு நெகிழ்ந்தது.

சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சின்ன அறைக்குள் நுழைந்தார். தையல் மிஷின் போய்விட்டிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு பாயும், அவருடைய தலையணையும், போர்வையும், பல் பிரஷும் இருந்தன.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"கலைஞனுக்கு நிம்மதி வேணும் இல்ல? இனிமே இங்கயே படுத்துக்கோங்க."

அவள் கதவைப் படாரென்று சாத்தினாள். பின்னாலேயே சாவிக்கொத்து சிணுங்கியது. பெட்டி வழக்கம்போல அதையும் பிடித்து வைத்துக்கொண்டது. அதை எந்த அடுக்கில் போடுவது என்று தெரியாமல் டும்டும் இன்னும் திருகிக்கொண்டிருக்கிறார்.