உட்கார்ந்தால் கரண்ட் போய்விடும்

தூத்துக்குடி வட்டாரத்து நாற்காலி, பெஞ்சு, ஸ்டூல், பஸ் சீட்டுக்கெல்லாம் வாய் இருந்தால், ‘அப்படி ஒரு பெண்ணை நாங்கள் தாங்கியதே இல்லை’ என்று ஒரே குரலில் சொல்லும். அவை சொல்வது சரிதான். எங்கள் ‘நடை’ உட்கார மாட்டாள்.

‘நடை’ என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவு எடுப்பவர்களுக்கு மட்டுமே தேவைப்பட்டது. திருச்செந்தூருக்குப் பக்கத்து மீனவ ஊரான ஆலந்தலைக்காரி. மகளிர் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, இருவரும் பொருளியல் படித்தோம். சாப்பாட்டு நேரத்தில் தட்டை ஏந்திக்கொண்டு கூடம் முழுக்க உலாத்துவாள். சாம்பார் வாளியோடு வருகிற அக்கா அவளைத் துரத்திப் பிடித்துத்தான் ஊற்ற வேண்டும். ஊருக்குப் போகிற பஸ்ஸில் பாதி இருக்கை காலியாகக் கிடந்தாலும் நின்றுகொண்டே போவாள். கண்டக்டருக்கு அது மானப் பிரச்சினை.

“ஏ புள்ள, அங்கன எடம் கெடக்குல்லா, உக்காரு. பாக்கவன் நான்தான் எந்திரிக்கச் சொன்னேன்னு நெனப்பான்.”

“நிக்கதுதான் அண்ணாச்சி எனக்கு வசதி.”

“அப்போ திருச்செந்தூருக்கு நடந்தே போயிருக்கலாம்லா?”

“போயிருப்பேன். அப்பா ஏசுவாங்க.”

அவள் படிக்கிற விதம் இன்னும் விசேஷம். புத்தகத்தை ஒருமுறை பார்ப்பாள், மூடுவாள், விடுதி வராந்தாவில் நடக்க ஆரம்பிப்பாள். நடக்க நடக்கப் பாடம் வாய்வழியே வரும். அதுவும் புத்தகத் தமிழில் வராது.

“வலை மடி நெறைய சாளை மீனு வந்துச்சுன்னு வையி, கரையில வெல விழுந்துரும். நாலே நாலு சீலா மீனு வந்தா ஏலத்துல அடிச்சுக்கிடுவாங்க. அம்புட்டுதான்ளா டிமாண்டு, சப்ளை. இதுக்கு எதுக்கு எட்டுப் பக்கம்?”

தேர்வு நெருங்கினால் பொருளியல் மாணவிகள் தங்கிய எங்கள் தளத்தில் ஒரு அறைக் கதவும் சாத்தியிருக்காது. நாங்கள் கட்டிலில் படுத்துக் கடலை கொறித்துக்கொண்டிருப்போம். அவள் குரல் கிழக்கே போய் மேற்கே வரும். காதில் விழாமல் போன வரிக்காக, “ஏளா நடை, பணவீக்கத்த இன்னொருக்கா சொல்லிட்டுப் போ” என்று குரல் கொடுத்தால் போதும். அந்த விடுதியில் புத்தகத்தைத் திறந்தவர்கள் குறைவு. ஆனாலும் முதலாண்டு முடிவு வந்தபோது அந்தத் தளம் முழுக்கத் தேறியிருந்தது, அவள் ஒருத்தியைத் தவிர.

எனக்கு முதல் வகுப்பு. அவள் சொன்ன வரிகளை அப்படியே எழுதி வாங்கியது. சொன்னவளுக்குப் பாதிப் பாடங்கள் அரியர்.

“என்னளா இது, எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீதான?” என்று கேட்டேன்.

“நடக்கும்போது எல்லாம் இருக்கு. அங்க போயி உக்காந்தா மண்டையில கரண்ட் போயிருது” என்றாள். அழவில்லை. ஆனால் அன்று வராந்தாவில் பேசாமல் நடந்தாள். பேசாமல் நடந்த நடை எங்கள் எல்லோரையும் என்னவோ செய்தது.

நம் பள்ளிக்கூடங்களில் படிப்பின் முதல் பாடமே உட்காருவதுதான். அதில் அவள் ஒன்றாம் வகுப்பிலேயே தோற்றுவிட்டாள். ஒரு டீச்சர் அவள் பாவாடை நாடாவைப் பெஞ்சோடு சேர்த்து முடிச்சுப் போட்டாராம். இன்னொருவர் ‘கால் துருதுருப்பு’ என்று அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினாராம். “அது எனக்கு நல்லதாப் போச்சு. வெளிய நின்னுதான் வாய்ப்பாடு படிச்சேன்” என்றாள்.

நாங்களும் அவளை உட்கார வைத்துப் பழக்க முயன்றோம். துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டி, கையில் பேனாவைக் கொடுத்து, மாதிரித் தேர்வு நடத்தினோம். முதல் கேள்வி வரை சமர்த்தாக இருந்தாள். இரண்டாவது கேள்விக்கு யோசனை வந்துவிட்டது. நாற்காலியையும் முதுகில் சுமந்துகொண்டு, ஆமை மாதிரி குனிந்தபடி வராந்தாவுக்கு நடந்து போய்விட்டாள். எதிரே வந்த வார்டன் ஒதுங்கி வழிவிட்டார்.

இரண்டாம் ஆண்டுத் தேர்வில்தான் ஆபத்து வந்தது. மேஜைக்கு அடியில் அவள் கால்கள் தாமாக நடந்துகொண்டிருந்தன. டக் டக், டக்டக். அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகப் பறக்கும் படை உள்ளே நுழைந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் சிறிது நேரம் உற்றுக் கேட்டார்.

“என்னம்மா, காலால சிக்னல் குடுக்கியா?”

“இல்ல சார், ஞாபகம் வரல. அதான்.”

சோதித்துப் பார்த்தார்கள். ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பக்கத்துப் பெஞ்சுக்காரி படிப்பது விலங்கியல். பொருளியல் சிக்னலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஆனாலும் ‘ஒழுங்கீனம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரின்சிபால் அவள் அப்பாவை வரச் சொன்னார்.

வகுப்புப் பிரதிநிதி என்ற முறையில் நானும் போய் நின்றேன். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

“உட்காருங்க” என்றார் பிரின்சிபால்.

“இருக்கட்டும்மா, நான் நின்னுக்கிடுதேன்.”

பிரின்சிபால் அப்பாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “குடும்பத்துக்கே இந்தப் பழக்கமா?” என்று கேட்டார்.

“சின்னதுலயிருந்தே இப்படித்தாம்மா. பள்ளிக்கூடத்துல அடிச்சாங்க, கட்டிப் போட்டாங்க. நானும் ரெண்டு போட்டிருக்கேன். உக்காரத்தான் மாட்டா. மத்தபடி நல்ல புள்ள.” மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “வேணாம்னா கூட்டிட்டுப் போயிருதேன்” என்றார்.

நடை தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் கால்கள் அசையாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த அறையில் இன்னொருவரும் இருந்தார். தேர்வு அன்று ஹாலில் கண்காணிப்புக்கு நின்ற கணக்கு மேடம். அவர் சிரித்தால் அன்று கல்லூரிக்கு விடுமுறை என்று ஒரு வதந்தி உண்டு. இதுவரை விடுமுறை விட்டதில்லை. அவர்தான் வாயைத் திறந்தார்.

“இவ நின்னு எழுதினா என்ன மேடம்?”

“நின்னா? மத்த பிள்ளைங்களும் கேப்பாங்களே.”

“கேட்டா நிக்கட்டும். கால் வலிச்சா தானா உக்காருவாங்க.”

பிரின்சிபால் சிரிக்கத்தான் பார்த்தார், அடக்கிக்கொண்டார். பல்கலைக்கழகத்துக்கு எழுதி, அங்கே ஒருவரைக் கெஞ்சி, ஒருவரைக் கோபித்து, எப்படியோ அனுமதி வாங்கிவிட்டார்.

நின்று எழுத உயரமான மேஜை வேண்டுமே. கல்லூரியில் அப்படி இருந்தது ஒன்றுதான். கலையரங்கில் சிறப்பு விருந்தினர்கள் பின்னால் நின்று பேசுகிற மரச் சாய்மேடை. மைக்கைக் கழற்றிய ஓட்டையோடு அதைத் தூக்கி வந்து தேர்வு ஹாலின் பின்சுவர் ஓரம் போட்டார்கள். நடை அதன் பின்னால் நின்று விடைத்தாளைப் பிரித்தபோது, ‘அவையோர்க்கு வணக்கம்’ என்று ஆரம்பிப்பாளோ என்று பயமாக இருந்தது.

அவள் ஒரு பத்தி எழுதுவாள். ஜன்னல் வரை நடப்பாள். திரும்பி வந்து அடுத்த பத்தி. முன்பக்கம் கணக்கு மேடம் நடந்துகொண்டிருந்தார், பின்பக்கம் இவள். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் கண்காணிப்பாளர் என்றே தெரியாது. முதலாண்டுப் பெண் ஒருத்திக்கு நிஜமாகவே தெரியவில்லை. தன்னைத் தாண்டிப் போன நடையைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

“மிஸ், அடிஷனல் ஷீட்.”

நடை நின்றாள். யோசனை கலைந்த எரிச்சலில் பேனாவை முன்பக்கம் நீட்டி, “அந்த மிஸ்ட்ட கேளு” என்றாள்.

ஹாலே சிரித்தது. கணக்கு மேடமும் சிரித்துவிட்டார். விடுமுறை மட்டும் விடவில்லை.

இறுதியாண்டு முடிவு கைப்பேசியில் வந்தது. விடுதிக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் எல்லோரும் மொட்டை மாடியில் இருந்தோம். நடை தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு சுற்றில் கைப்பேசியை என் கையில் திணித்தாள். பழைய அரியர் உட்பட எல்லாவற்றிலும் தேர்ச்சி. அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னாள்.

“எல்லாத்துலயுமா?” என்றார்.

“எல்லாத்துலயும்பா.”

“நின்னுக்கிட்டேவா எழுதுன?”

“நின்னும் நடந்தும்.”

அந்தப் பக்கம் கடல் காற்றுக்கு நடுவே யாரிடமோ, “எல்லாத்துலயும் பாஸாம்” என்று சொல்வது கேட்டது. பிறகு, “அந்தக் கணக்கு மேடத்துக்கு நல்லதா ரெண்டு சீலா கொண்டாரேன்” என்றார்.

“மேடம் சைவம்பா.”

 அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

நடை இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறாள். வந்த பெட்டி எது, போன பெட்டி எது என்று நாளெல்லாம் சுற்றிப் பார்க்கிற வேலை. அங்கே உட்கார்ந்தால்தான் திட்டுவார்களாம்.

நான் சென்னையில் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கிறேன். மேல்வீட்டில் யாரோ எந்நேரமும் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் புகார் கொடுக்கலாம் என்கிறார்கள். நான் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சத்தம் கேட்டால், யாரோ எனக்கும் சேர்த்துப் படித்துக்கொண்டிருப்பது போல எனக்கு ஒரு நிம்மதி.