முக்கால் இஞ்ச் குழாயும் நாற்பது விநாடியும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சௌக்கியமா என்று நேற்றுதான் போனில் கேட்டேன். இருந்தாலும் கடிதமென்றால் கேட்கவேண்டும், கேட்டுவிட்டேன். போனில் சொல்ல வாய் வராத சங்கதி ஒன்று இருப்பதால் பேனா எடுத்தேன்.

நீ பிடித்துத் தள்ளிச் சேர்த்துவிட்ட பெரியவர்கள் வகுப்புக்கு இனி நான் போவதாக இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் அன்றைக்குக் கோட்டை விட்டதை இந்த வருஷம் பிடித்துக் காட்டுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தது வாஸ்தவம். கொடுத்தவன் காய்ந்திருந்தான், எழுதுகிறவன் நனைந்திருக்கிறான்.

டீச்சருக்கு உன்னைவிட வயசு கம்மி. முதல் நாளே, "புத்தகத்தை மூடுங்க. உங்க பொழப்புதான் இங்க பாடம்" என்று சொல்லிவிட்டார். கூடப் படிக்கிற தையல்காரம்மா குடை மாதிரி விரியும் கவுனைக் கொண்டுவந்து வட்டத்தின் சுற்றளவைச் சொல்லிக்கொடுத்தார். ஒரே கைதட்டல். முப்பது வருஷ பிளம்பர் சும்மா இருப்பேனா? போன சனிக்கிழமை வராந்தா லைனில் அரை இஞ்ச் குழாய் ஒன்றும் முக்கால் இஞ்ச் குழாய் ஒன்றும் மாட்டினேன். அரை இஞ்சில் பக்கெட் நிறையத் தொண்ணூறு விநாடி ஆனது. "முக்காலுக்கு எவ்வளவுண்ணே ஆகும்?" என்றார் தையல்காரம்மா. "இது ஒரு கேள்வியாம்மா? அரையைப்போல ஒன்றரை மடங்கு முக்கால். தண்ணியும் ஒன்றரை மடங்கு வரும். கரெக்டா அறுபது விநாடி, எழுதிக்குங்க" என்று திறந்துவிட்டு, பக்கெட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் அனுபவத்தை அளக்க ஆரம்பித்தேன். நாற்பதாவது விநாடியில் கால் சில்லென்றது. பதறி மூடப்போனால் திருகு கையோடு வந்துவிட்டது. நானே மாட்டிய திருகு! தண்ணீர் வாசற்படி தாண்டி வகுப்புக்குள் போய், எல்லாருடைய பைகளையும் நலம் விசாரித்தது. மெயின் வால்வை அடைத்துவிட்டு ஓடிவந்தால், டீச்சர் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறார். "யாரும் துடைக்காதீங்க! ஏன் சீக்கிரம் ரொம்புச்சுன்னு மொதல்ல சொல்லுங்க. அகலத்தைப் பாக்காதீங்க, குழாயோட வாயைப் பாருங்க!" என்று போர்டில் இரண்டு வட்டம் போட்டார். அகலம் ஒன்றரை மடங்கானால் வாயின் பரப்பு ஒன்றரை தரம் ஒன்றரை, அதாவது இரண்டேகால் மடங்காம். தொண்ணூறு, நாற்பதாகிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நீ எட்டாம் வகுப்பு படிக்கையில் இதே கணக்கு வந்தது, ஞாபகமிருக்கா? அரை இஞ்ச் குழாய் தொட்டியை ஒன்பது மணி நேரத்தில் நிரப்பினால், முக்கால் இஞ்ச் குழாய்? "ஆறு மணி நேரம்னு எழுதும்மா" என்றேன். வாத்தியார் தப்புப் போட்டார். "எங்கப்பா பிளம்பர் சார், அவருக்குத் தெரியாதா?" என்று எதிர்த்துப் பேசி, ஒரு பீரியடு முழுக்க வெளியே நின்றாய். மறுநாள் நான் வேறு போய், "நீங்க ஒரு வாஷராவது மாத்தியிருக்கீங்களா சார்?" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். விடை நாலு மணி நேரம், கண்ணு. உன்னை வெயிலில் நிறுத்தியது அவரில்லை, நான்தான். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எப்படி வகுப்பில் உட்கார? ஆகவே நிறுத்திக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குட்டிக்கு இரண்டேகால் மடங்கு முத்தம். உன் வீட்டுக் குழாய்கள் ஒழுகாமலும் கண்கள் கலங்காமலும் இருக்க வாழ்த்தும்,
அப்பா.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது தையல்காரம்மா பரீட்சை பாரத்தோடு வந்து நிற்கிறார். "டீச்சர் குடுத்துவிட்டாங்க. நாங்கல்லாம் நனைஞ்சு கத்துக்கிட்டோம், நனைச்ச ஆளு ஓடினா எப்படிண்ணே?" என்கிறார். வாங்கிப் பூர்த்தி செய்துவிட்டேன். பாரம் பிள்ளைகளுக்கு அச்சடித்தது. பாதுகாவலர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். மேலே உள்ளதை மறந்துவிட்டு, வந்து கையெழுத்துப் போடு. ஒன்று மட்டும்: நான் எத்தனை மார்க் வாங்கினாலும் டீச்சரிடம் போய்ச் சண்டை போடாதே.