ஒன்பது போன்களில் ஓடிய பாட்டு

போத்தனூர்,
செவ்வாய்க்கிழமை.

சென்னிமலையில் பெட்ஷீட் கடை வைத்துச் சீரும் சிறப்புமாக இருக்கும் மச்சான் கதிரேசன் அவர்களுக்கு, மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கும் தங்கை புருஷன் கந்தப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை சென்னியம்மாளும் சுகம். அங்கே அக்காவுக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மகள் லோகப்பிரியா சுகமா என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் வீட்டில் மைக் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. போன வாரம் நான் தும்மியதே அவள் பாட்டில் ஏறிவிட்டது.

விஷயம் உங்களுக்குப் பாதி தெரியும். நீங்கள் பொங்கலுக்குக் கொடுத்த பெட்ஷீட்டையெல்லாம் சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, அந்த ரூமுக்குள் உட்கார்ந்து தானே எழுதி, தானே பாடி, தானே ஏற்றிவிட்ட பாட்டு இந்த மாதக் கடைசிக்குள் பத்தாயிரம் தடவை ஓடவில்லை என்றால், பாட்டை மூட்டை கட்டிவிட்டு உங்கள் கடைக்கு பில் போட வந்துவிடுவதாக அவளே ஒப்புக்கொண்டாள் அல்லவா, பதினைந்தாம் தேதி வரை ஓடியது நூற்றுப் பன்னிரண்டு. அவளுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். புதுசாகக் காயில் கட்டி வார்னிஷ் பூசின மோட்டாரை நிற்காமல் ஓடவிட்டுப் பார்ப்போம், தாங்கினால் நல்ல மோட்டார். பாட்டும் அப்படித்தான் என்று நினைத்துப்போட்டேன். பட்டறையில் ஐந்து போனை வரிசையாக வைத்து அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். உங்களையும் கெஞ்சினேன். "பில் போட ஆள் வந்தா எனக்கு நல்லதுதானுங்க மாப்ள, ஆனா கண்ணு அழுதுட்டு வரக்கூடாது பாருங்க" என்று சொல்லி நீங்களும் நாலு போனை ஓடவிட்டு, சத்தம் கேட்காமல் பெட்ஷீட் கட்டுக்கு நடுவில் செருகினீர்கள். நானும் மோட்டார் இரைச்சலோடு இது வேறா என்று வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன்.

ரெண்டே நாளில் ஆறாயிரத்தைத் தாண்டியது. "அப்பா, ஆறாயிரமுங்கப்பா" என்று பட்டறைக்கே ஓடிவந்தாள். ஐந்து போனையும் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு, "அப்படியா கண்ணு, நல்ல பாட்டுன்னா ஓடத்தானே செய்யும்" என்றேன். மூன்றாம் நாள் காலையில் பாட்டையே காணோம். பொய்யாக ஓட்டியிருக்கிறீர்கள் என்று பாட்டு ஆப்காரன் தூக்கிவிட்டான். மோட்டார் கருகினால் கம்பியை உருவிப்போட்டு மறுபடி கட்டுவேன், இதில் எதை உருவுவது, எதைக் கட்டுவது? உங்கள் தங்கையோ, "ஏனுங்க, யாரோ வேண்டாதவங்க செஞ்ச வேலைங்க, அவங்க கை வெளங்குமா?" என்று சாபம் விட்டுக்கொண்டே எனக்கு தோசை ஊற்றுகிறாள். நானும் "வெளங்காது" என்று சொல்லிக்கொண்டே தின்கிறேன்.

ஆகவே மச்சான் பெரிய மனசு பண்ணி ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒன்பது போனும் உங்களுடையதுதான் என்று சொல்லிவிட வேண்டும். தாய்மாமன் மேல் கோபம் ஒரு மணி நேரம் நிற்காது. நான் தினமும் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டியவன். கையோடு அவளைக் கடைக்கும் கூட்டிப் போய்விடுங்கள். பில் போடுவது நல்ல வேலை, போட்ட பில்லை யாரும் வந்து தூக்கிவிட மாட்டார்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் ஆசி, பழியைச் சுமக்கப்போகும் உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
கை விளங்காத
கந்தப்பன்

பின்குறிப்பு: கவர் வாங்கப் போனவன் கடிதத்தைப் பட்டறை மேஜையிலேயே வைத்துப்போட்டேன். சாப்பாட்டுக் கேரியரோடு வந்த நம் அம்மணி லோகப்பிரியா முழுக்கப் படித்துவிட்டாள். "ஆப்ல ஊர்வாரியாக் கணக்கு காட்டுமுங்க. போத்தனூர்ல அஞ்சு பேரும் சென்னிமலைல நாலு பேரும் மட்டும் ஆளுக்கு நாளைக்கு முந்நூத்தம்பது தடவை கேட்டிருக்காங்க. எனக்குத் தெரியாதுங்களாப்பா? பாட்டு போன அன்னிக்கே தெரியுமுங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள். நம் ஒன்பது போன் போக நாற்பத்தோரு பேர் நிஜமாகவே கேட்டிருக்கிறார்களாம், பவானியில் ஒருத்தர் தினமும் கேட்டாராம். "அவங்களை வெச்சு மறுபடி ஆரம்பிக்கறேனுங்க. நானாத் தோத்தா நானே பஸ் ஏறி மாமா கடைக்குப் போறேன். நீங்க தோக்கடிச்சுப் போக மாட்டேன்" என்றாள். அதோடு விட்டாளா, "ரெண்டாவது சரணம் என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். மூவாயிரம் தடவைக்கு மேல் என் பக்கத்திலேயே ஓடிய பாட்டு, எனக்கு ஒரு வரி தெரியவில்லை. தன் போனில் இருந்ததைச் சத்தமாக வைத்தாள். ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். வார்னிஷ் வாசம் போகாத கை ஒன்று தலை தடவியதாக அதில் ஒரு வரி வருகிறது மச்சான். கேரியரைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பில் போட வேறு ஆளைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதை மட்டும் நிறுத்த வேண்டாம். நாற்பத்திரண்டாவது ஆள் நான். நாற்பத்து மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது.