டைம்கீப்பர் நடத்திய சிங்க வேட்டை

அமெரிக்க மலைக்காட்டில் துப்பாக்கியோடு சிங்க வேட்டைக்குப் போனவர்களை, பொழுது சாய்ந்ததும் விசில் அடித்துக் கூடாரத்துக்குத் துரத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. பனியைப் பார்த்ததில்லை. விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்த எங்கள் ஆபீஸில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அத்தனையையும் செய்தார்.

அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. டைம்கீப்பர், அவ்வளவுதான். தனியார் பஸ்களை நேரத்துக்கு உள்ளே வாங்கி நேரத்துக்கு வெளியே தள்ளுவதிலேயே வயதைக் கழித்தவர். அரை நிமிஷம் தாமதித்த டிரைவரை அவர் திட்டினால், அந்த பஸ்ஸில் இருக்கும் பயணிகளும் சேர்ந்து தலைகுனிவார்கள்.

அந்த ஆபீஸ் எங்கள் முதலாளி பாயுடையது. கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே பிடித்த சிநேகிதத்தில், ஒரு அமெரிக்க வேட்டை வழிகாட்டியின் வேலையை இங்கே கொண்டுவந்தார். அந்த வழிகாட்டிக்கு நெஞ்சு வரை தாடி. நாங்கள் தாடிக்காரர் என்போம். ரோடே இல்லாத மலைக்குள் ஆட்களைக் கூட்டிப்போய், மோப்ப நாய்களை விட்டு மலைச்சிங்கம் தேடுவது அவர் தொழில். போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி இருக்கும். அவர்கள் இருக்கும் இடம் எங்கள் திரையில் புள்ளியாகத் தெரியும். அங்கே பொழுது சாயும் நேரம் இங்கே விடியும். எல்லாப் புள்ளியும் கூடாரத்துக்குத் திரும்பிவிட்டதா என்று பார்த்து, திரும்பாத புள்ளிக்கு சேட்டிலைட் போன் போட்டு இங்கிலீஷில் விசாரிப்பது என் வேலை. கரும்பு வெட்டப் போகிற வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாடிக்காரர் "எஸ் மேடம்" என்று சொல்லும்போதெல்லாம் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

விடிகாலையில் வந்து ஆபீஸைத் திறக்க ஆள் கிடைக்காமல்தான் பாய், ஓய்வுபெற்ற டைம்கீப்பரைப் பிடித்தார். திறந்துவிட்டு வாசலில் உட்கார வேண்டியது, அதுதான் பேச்சு. முதல் நாளே உள்ளே வந்து திரையில் விரலை வைத்தார்.

"இந்தப் புள்ளி இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கு?"

"அது தாடிக்காரருங்க சார். நாய் சிங்கத்த மரத்துமேல ஏத்திடுச்சு. அவரு கீழ நின்னு பாத்துக்கினு இருக்காரு."

"எதுக்குப் பாக்கணும்?"

"குட்டி இருக்கிற தாயான்னு பாப்பாரு. தாயா இருந்தா சுட விடமாட்டாரு. பாதி நாளு போட்டோ மட்டும் எடுத்துக்கினு இறங்கிடுவாங்க."

டைம்கீப்பர் தலையாட்டினார். "அப்ப தாடி டிரைவரு. நாய்ங்க கண்டக்டரு. நல்ல சர்வீசுதான். ஆனா நின்ன எடத்துல இவ்ளோ நேரம் நிக்கக்கூடாது."

அன்றோடு வாசல் நாற்காலி உள்ளே வந்துவிட்டது.

மனிதர்களை அவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார். நான் வளவனூரு. சம்பளம் கொடுக்கிற பாயை நேருக்கு நேர் "இன்னா கோட்டக்குப்பம், டீ சொல்லட்டா?" என்பார். மலைச்சிங்கத்தின் போட்டோவைக் காட்டியபோது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"பிடரி மயிரு எங்க?"

"இந்தச் சிங்கத்துக்குப் பிடரி மயிரு கெடையாது" என்றார் பாய்.

"செஞ்சி மலையில விட்டா கன்னுக்குட்டின்னு புடிச்சிக் கட்டிடுவாங்க. இதுக்கா இவ்ளோ பேரு பிளேன் ஏறி வரான்?"

ஒரு நாள் தாடிக்காரர் இருட்டும் நேரத்தில் திரும்பாமல் இருந்தார். நான் போனில் மரியாதையாக விசாரித்துக்கொண்டிருக்கும்போதே டைம்கீப்பர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து, போனுக்குள் மூன்று தடவை ஊதினார். என் இடது காது மத்தியானம் வரை கேட்கவில்லை. தாடிக்காரர் போனைக் கீழே போட்டுவிட்டார். ஆனால் அதுவரை கூப்பிட்டும் வராத நாய்கள் அத்தனையும் புதருக்குள்ளிருந்து ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டனவாம். மறுநாள் அவரே போன் பண்ணி, "அந்த ஆபீசரை இன்றைக்கும் ஊதச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். ஆபீசர் என்று சொன்னதை நான் தமிழில் சொன்னதும், டைம்கீப்பர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

வேட்டைக்குப் பதிவு செய்கிறவர்கள் விஷயத்திலும் மூக்கை நுழைத்தார். "முட்டி வலி இருக்கான்னு கேளு. இருந்தா வராதன்னு சொல்லு. மலைக்கு எதுக்கு வரான் அவன்?" பாய் தலையில் கைவைத்துக்கொண்டு, "இந்தாளால பேஜாராப் போச்சு, வர்ற கஸ்டமரையும் தொரத்தறாரு" என்பார். டெக்சாஸ்காரர் ஒருவரிடம் நான் முட்டியைப் பற்றிக் கேட்டேன். இரும்பு முட்டி என்று சிரித்தார்.

அந்த இரும்பு முட்டி மலையில் மூன்றாம் நாள் காலைவாரியது.

காலையில் நான் வந்து உட்காரும்போதே திரை சரியில்லை. தாடிக்காரரின் புள்ளி பள்ளத்தாக்கின் அடியில் நின்றது. டெக்சாஸ் புள்ளி மேலே தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. பின்னால் தெரிந்தது இது: பள்ளத்தில் நாய்கள் சிங்கத்தை மடக்கிவிட்டதால், சிங்கம் திரும்பி நாய்களைக் கிழிப்பதற்குள் தாடிக்காரர் இறங்கியாக வேண்டும். முட்டி பிசகிய டெக்சாஸை ஒரு பாறையடியில் உட்காரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டெக்சாஸ் பயந்துபோய் எழுந்து நடக்கிறார். அவர் நடக்கிற திசையில் வரைபடக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அப்படி ஒட்டியிருந்தால் அது செங்குத்துச் சரிவு. பனி வேறு கொட்ட ஆரம்பித்திருந்தது.

தாடிக்காரருக்குப் போன் போட்டேன். பள்ளத்தில் சிக்னல் இல்லை. டெக்சாஸ் எடுத்தார். மூச்சு வாங்கியது. "நில்லுங்கள், முன்னால் சரிவு இருக்கிறது, தயவுசெய்து நில்லுங்கள்" என்றேன். "இங்கே நின்றால் செத்துவிடுவேன், அவன் வரமாட்டான்" என்று கத்தினார். புள்ளி நகர்ந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எத்தனை விதமாக "நில்" சொல்ல முடியுமோ அத்தனையும் சொல்லிவிட்டேன். பாய்க்குப் போன் போட்டால் தூக்கத்தில் இருக்கிறார்.

டைம்கீப்பர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"நில்லுன்னா எவன் நிப்பான்? வண்டி வருதுன்னு சொல்லு, நிப்பான்."

"எங்க சார் வருது? அவரு அசையவே இல்லியே!"

"கோலியனூரு தாண்டிட்டாருன்னு சொல்லுமா! ஜல்தி!"

விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கு இது புரியும். கோலியனூர், விழுப்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஊர். வண்டி புதுச்சேரியை விட்டே கிளம்பியிருக்காது. ஆனால் கூட்டம் பொறுமை இழந்து ஷேர் ஆட்டோ பக்கம் நகரும்போது டைம்கீப்பர் நெற்றியில் கையை வைத்துக் கிழக்கே பார்த்து, "கோலியனூர் தாண்டிட்டான், தோ வந்துடுவான்" என்பார். கூட்டம் மறுபடி உட்காரும். நானே எத்தனையோ சாயங்காலம் அதை நம்பி உட்கார்ந்தவள்.

மூச்சை இழுத்துவிட்டு, சுத்தமான இங்கிலீஷில் சொன்னேன். "சார், உங்கள் வழிகாட்டி இப்போதுதான் கோலியனூர் தாண்டிவிட்டார்."

மூச்சிரைக்கக் கேட்டார்: "அது எவ்வளவு தூரம்?"

"ரொம்பக் கிட்ட."

புள்ளி நின்றது.

"உக்காரச் சொல்லு. முதுகைப் பாறைக்குக் குடுத்து உக்காரச் சொல்லு. அவனை விட்டுடாத, பேசிக்கினே இரு."

நான் பேசிக்கொண்டே இருந்தேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்கச் சொன்னார் டைம்கீப்பர், கேட்டேன். மூத்தவள் என்ன படிக்கிறாள் என்றார், கேட்டேன். டெக்சாஸ் மறுபடி, "இன்னும் வரவில்லையே" என்று அழ ஆரம்பித்தார்.

"கேட்டு போட்டுட்டான்னு சொல்லு. ரயில்வே கேட்டு."

"சார், மலையில ஏது சார் கேட்டு?"

"அவனுக்குத் தெரியுமா? சொல்லு!"

சொன்னேன். "கேட்டா?" என்றார் டெக்சாஸ். "ஆமாம் சார், திறந்ததும் வந்துவிடுவார்." குளிரில் மனிதர் அதையும் நம்பினார்.

எவ்வளவு நேரம் அப்படி ஓடியதோ தெரியாது. கடைசியில் தாடிக்காரரின் புள்ளி ஒரு அங்குலம் மேலே ஏறியது. பிறகு இன்னொன்று. நான் எழுந்து நின்றுவிட்டேன். டைம்கீப்பர் விசிலை வாயில் வைத்திருந்தார், ஊதவில்லை. இரண்டு புள்ளியும் ஒன்றாகச் சேர்ந்தபோது போனுக்குள் நாய்கள் குரைத்தன. டெக்சாஸ் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரிக்க முடியவில்லை. தாடிக்காரர் சிங்கத்தைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு, நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறார். அது தன் வழியே போயிருக்கும். "மேடம், கோலியனூர் எங்கே இருக்கிறது? இவர் என்னிடம் கேட்கிறார்" என்றார் தாடிக்காரர். "எங்கள் ஊருக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில்" என்று பெருமையாகவே சொன்னேன்.

டைம்கீப்பர் ஒன்றுதான் கேட்டார். "முட்டிக்குத் தைலம் கிய்லம் வெச்சிருக்கானா?"

ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரரிடம், "நம்ம வளவனூரு பேசுற இங்கிலீஷுக்கு அமெரிக்காக்காரன் நடக்கறதையே நிறுத்திட்டான்யா" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எத்தினி வருஷமா சொல்லிக்கினு இருந்தேன் இந்தப் பொய்ய. ஒரு நாளும் இப்பிடி ஆனதில்ல. பஸ் வரலன்னா திட்டிக்கினே ஊட்டுக்குப் போயிடுவாங்க. இவன் நம்பி உக்காந்துட்டாம்மா. தாடி வராமப் போயிருந்தா?"

"அதான் வந்துட்டாருல்ல சார்."

"வந்துட்டாரு" என்றார். கிளாஸை எடுக்கவில்லை. கண்டக்டர்கள் கை காட்டிவிட்டுப் போனார்கள். ஒருவரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் அவர்தான் என் தோளைத் தட்டினார்.

"ஏய் வளவனூரு, உன் வண்டி வந்துடுச்சு. ஓடு."

"ஒரே கூட்டமா இருக்குங்க சார். அடுத்ததுல போறேன்" என்றேன்.

பஸ் காலியாகத்தான் இருந்தது.