பஸ் ஸ்டாண்டில் டீம் எடுத்த ரெட் கார்டு மேடம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஃபுட்பால் மைதானங்களிலிருந்து அதிக முறை விரட்டப்பட்டவர் யார் என்று பார்த்தால், முதலிடம் எங்கள் கல்லூரி பி.டி. மேடத்துக்குத்தான். இரண்டாம் இடம் புல் மேய வந்த மாடுகளுக்கு. ஒரே ஒரு வித்தியாசம், மாடுகள் விரட்டினால் போய்விடும்.

ஆடுகிறவர்கள் தப்பாட்டம் ஆடினால் நடுவர் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்புவார். இது ஊருக்கே தெரியும். கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி, பந்தைத் தொடாமல், வாயால் மட்டுமே சிவப்பு அட்டை வாங்குவது தனித் திறமை. மேடம் சராசரியாக இரண்டு மேட்ச்சுக்கு ஒன்று வாங்கினார். அதனால் மாணவிகள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ரெட் கார்டு மேடம்தான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஐந்தடிக்கும் கம்மியான உயரம், வாயல் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊதி யாரும் பார்த்ததில்லை. கேட்டதற்கு, "ஊதற மூச்சுல நாலு திட்டு திட்டலாமேடி" என்றார்.

ஏற்கெனவே ஆடத் தெரிந்த பெண்களெல்லாம் சென்னைக்கும் வேலூருக்கும் போய்விடுவார்கள். ஹாஸ்டல், ஷூ, முட்டை எல்லாம் அங்கே உண்டு. எங்கள் கல்லூரிக்கு வருகிறவர்கள் வேறு எங்கேயும் இடம் கிடைக்காதவர்கள். வருஷா வருஷம் செலக்‌ஷன் என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். மேடம் மட்டும் அன்றைக்கு மைதானத்துக்கே வரமாட்டார். "ஆடத் தெரிஞ்சவள எவ வேணா ஆட வைப்பா. எனக்கு வேற ஆளு வேணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்லூரி விட்டதும் கீழ்பென்னாத்தூர் பஸ் வருகிற இடத்தில், வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, யார் எப்படி பஸ் ஏறுகிறார்கள் என்று பார்ப்பார். அப்படிச் சிக்கியவள்தான் கற்பகம். பஸ் நிற்பதற்கு முன்பே வாசல் கம்பியைப் பிடித்துவிட்டாள். பின்னால் இருபது பேர் முட்டுகிறார்கள், இவள் அசையவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தியை முதலில் ஏற்றினாள், பிறகு தான் ஏறினாள், இரண்டு பேருக்கும் சீட் பிடித்தாள். பின்னாலேயே மேடமும் ஏறிவிட்டார்.

"உன் பேரு இன்னாம்மா?"

"கற்பகம்ங்க. ஏங்க?"

"நாளையிலேருந்து டிஃபென்ஸ்ல நிக்கற."

"எனக்கு ஃபுட்பால் தெரியாதுங்க."

"பஸ் ஏறத் தெரியுதில்ல? மீதிய நான் பாத்துக்கறேன்."

அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மேடம் பாதி வழி போய் இறங்கி, எதிர்ப் பக்க பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பி வந்தார். அவருக்கு அன்றைக்கு சீட் கிடைக்கவில்லை.

என்னைப் பிடித்தது லைப்ரரி வாசலில். சத்தம் போட்டதற்காக லைப்ரரியன் என்னை வெளியே அனுப்பியிருந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்தே எனக்கு வாய் ஜாஸ்தி, உடம்பும் ஜாஸ்தி.

"உள்ள கத்துனது நீயா?"

"சாரி மேடம்."

"சாரி எதுக்கு? கிரவுண்டு வரைக்கும் கேட்டுது. நாளைக்கு வந்து கோல்ல நில்லு."

"என்னால ஓட முடியாதுங்க மேடம். பாத்தாலே தெரியுதில்ல?"

"கோலி எதுக்குடி ஓடணும்? பந்து உன்ன தேடிகினு வரும். மத்தவளுங்க பந்தைத்தான் பாப்பாளுங்க. மொத்த கிரவுண்டையும் பாக்கறவ நீ ஒருத்திதான். பாத்தத கத்து. அவ்ளோதான் வேலை."

வாயை மூடு என்றே கேட்டு வளர்ந்தவளுக்கு, கத்துவதையே ஒரு வேலையாக யாராவது கொடுத்தால் எப்படி இருக்கும்? அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

மூன்றாவது ஆள் அமுதா. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவர்களுக்குச் சின்னக் கடை. பௌர்ணமியன்று பாதையில் நிற்கக்கூட இடமிருக்காது. அந்தக் கூட்டத்துக்குள், தட்டில் பன்னிரண்டு கிளாஸ் நன்னாரி சர்பத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் பாதையைக் கடந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருவாள். மேடம் வேண்டுதலுக்காக கிரிவலம் வந்தவர், இதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் பாதையின் அந்தப் பக்கம் போவார், அங்கிருந்து இன்னொன்று கேட்பார். இவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கொண்டுவருவாள். உடனே இந்தப் பக்கம் வந்து இன்னொன்று கேட்பார். ஏழாவது கிளாஸில் அமுதாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மேடம், உங்களுக்கு சுகர் கிகர் இல்லியே?"

"இல்ல. நீ எந்த காலேஜு?"

"உங்க காலேஜ்தான் மேடம். ஃபர்ஸ்ட் இயர். இந்த வருஷம் செலக்‌ஷனுக்குக்கூட வந்தேன். யுனிவர்சிட்டி சார் ஒருத்தர் ஹைட் கம்மின்னு அனுப்பிட்டாரு."

மேடம் அந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலத்தை முடிக்கவே இல்லை. அண்ணாமலையார் கோவித்துக்கொள்ள மாட்டாரா என்று பிறகு கேட்டோம். "அவருதான்டி காட்டுனாரு" என்றார்.

பயிற்சியும் அதே லட்சணம்தான். வெள்ளிக்கிழமைதோறும் மொத்த டீமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டும். யாரையும் முழங்கையால் இடிக்காமல் ஏறி, சீட் பிடித்து, அதை நிற்கிறவருக்குக் கொடுத்துவிட்டு, பஸ் நகர்வதற்குள் இறங்கவேண்டும். இடித்தால் மைதானத்தை ஐந்து சுற்று. ஒரு கண்டக்டர் நொந்துபோய் வந்தார்.

"ஏறுறாங்க, எறங்குறாங்க, ஏறுறாங்க. இன்னா வெளாட்டு மேடம் இது?"

"ஃபுட்பால்" என்றார் மேடம்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. ஒரு கோப்பைகூட வரவில்லை. இந்த லட்சணத்தில்தான் கல்லூரிச் செயலாளர் மேடத்தைக் கூப்பிட்டனுப்பினார். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறைகள் இரண்டு மூன்று அவருக்குச் சொந்தம். அங்கே யோகாவுக்கு இருக்கிற மவுசு அவர் கண்ணில் பட்டிருந்தது.

"பந்து ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. யோகா ஹால் ஆக்கிடலாம். பொம்பளைப் புள்ளைங்களுக்கு ஃபுட்பால் எதுக்கு? நாலு வருஷமா இந்த காலேஜ்லேருந்து ஒரு பொண்ணு யுனிவர்சிட்டி டீமுக்குப் போயிருக்கா?"

"இந்த வருஷம் போவா."

"போகலன்னா?"

"சாவியை நானே கொண்டாந்து தரேன்."

இப்படி வாய் விட்டுவிட்டு வந்து எங்களிடமும் சொன்னார். ஒருத்தியாவது பல்கலைக்கழக அணியில் தேர்வாக வேண்டும், இல்லையென்றால் பெண்கள் ஃபுட்பால் காலி. நாங்கள் ஆளுக்கு ஆள் கத்தினோம். அவருக்கு ஒன்றுமில்லை. நிதானமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

தேர்வாளர் வந்து பார்க்கிற மேட்ச்சுக்கு மூன்று தேதி கொடுத்து, ஒன்றைச் சொல்லுங்கள் என்று கடிதம் வந்தது. மேடம் பார்த்துப் பார்த்துப் பௌர்ணமித் தேதியைக் குறித்து அனுப்பினார். வேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற எதிரணி, வழியில் கூட்டத்தில் மாட்டிக் களைத்து, மிரண்டு வந்து சேரும் என்பது அவருடைய ராஜதந்திரம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் கல்லூரி மைதானமே சிறப்புப் பேருந்துகள் நிற்கிற இடமாக மாறிவிடும் என்பதை மட்டும் மறந்துபோனார். இந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட தெரிந்த விஷயம் அது.

அன்றைக்கு மத்தியானம் போய்ப் பார்த்தால், கோல் போஸ்டுக்கு முன்னால் விழுப்புரம் பஸ் நிற்கிறது. சென்டர் சர்க்கிளில் கிருஷ்ணகிரி பஸ். கற்பகம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மேடம் மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர்களிடம் போனார். அரை மணி நேரத்தில், கெஞ்சாமல், திட்டியே எல்லா பஸ்ஸையும் ஓரமாக வரிசையில் நிற்க வைத்துவிட்டார். நகராதது ஒன்றே ஒன்றுதான். அதன் டிரைவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிரிவலம் கிளம்பிப் போயிருந்தார். பதினான்கு கிலோமீட்டர் சுற்றிவிட்டு எப்போது வருவாரோ, தெரியாது.

அந்த பஸ் பக்கவாட்டுக் கோட்டின் மேல் நின்றது. நடுவர் ஆட்டத்தை ரத்து செய்யப் பேனாவை எடுத்துவிட்டார்.

"கோட்டைத்தானே பஸ் மறைக்குது? கோட்டை உள்ள தள்ளிப் போட்டா போச்சு. ரெண்டு டீமுக்கும் அதே கிரவுண்டுதானே?" என்றார் மேடம்.

சுண்ணாம்பு இல்லை. கிரிவலம் முடித்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஓர் அம்மா பையிலிருந்து கோலமாவு எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேர் முன்வந்து நூல் பிடித்த மாதிரி கோடு இழுத்தார்கள். நடுவர் அகலத்தை அடியளந்து பார்த்து, விதிக்குள் இருக்கிறது என்று வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். ஆனால் மைதானம் ஒடுங்கிவிட்டது. இருபத்திரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழாத குறைதான். எதிரணிக்கு மூச்சு முட்டியது. எங்களுக்கோ அது வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்ட்.

அப்படியும் முதல் பாதியில் நான் இரண்டு கோல் விட்டேன். ஒன்று கால் சந்தில், இன்னொன்றுக்கு வெயிலின் மேல் பழி போட்டுவிட்டேன். தேர்வாளர், போன வருஷம் அமுதாவைத் திருப்பி அனுப்பிய அதே சார், குடை பிடித்து உட்கார்ந்து எதையும் எழுதவே இல்லை. அமுதாவை இடித்துத் தள்ளினார்கள், நடுவர் கண்டுகொள்ளவில்லை. மேடம் எழுந்து நடுவரின் கண், கண்ணாடி, அவர் படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விசாரித்தார். வந்தது சிவப்பு அட்டை.

மேடம் வாக்குவாதம் செய்யாமல் வெளியே போனார். எங்களுக்கே ஆச்சரியம். திரும்பிப் பார்த்தால், சாவி இல்லாத அந்த பஸ்ஸின் பின்பக்க ஏணியில், புடவையோடு ஏறிக்கொண்டிருக்கிறார். கூரை மேல் நின்று, "அமுதா! நடுவுல போடி!" என்று ஒரு சத்தம்.

நடுவர் ஓடிவந்தார். "மேடம், கீழ இறங்குங்க!"

"நான் கிரவுண்டுலயா இருக்கேன்? பஸ்ல இருக்கேன். டிக்கெட் வேணும்னா கண்டக்டர் வந்து கேக்கட்டும்!"

ஓரத்து பஸ்களின் ஜன்னலெல்லாம் கைதட்டியது. நான் பின்னாலிருந்து பார்த்தேன், நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்து. கத்தினேன். கற்பகம் பந்தைப் பிடுங்கிக் கொடுத்தாள். அமுதா கிளம்பினாள். இரண்டு கையும் தட்டு ஏந்துகிற மாதிரி லேசாகத் தூக்கியிருக்க, ஐந்து பேருக்கு நடுவே, ஒருத்தி மேலும் உரசாமல் போனாள். கோலியையும் சுற்றிக்கொண்டு பந்தை உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

ஒன்றுக்கு இரண்டில் நாங்கள் தோற்றோம். தேர்வாளர் அமுதாவைப் பக்கத்தில் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாதான் ஆடற. ஆனா ஹைட் கம்மியா இருக்கியேம்மா."

கூரையிலிருந்து பதில் வந்தது. "சார்! அவ தலையால ஆடல, காலால ஆடறா. தோ, நானும் உங்களவிட குள்ளம்தான். இப்ப யாரு மேல இருக்கறா பாருங்க!"

தேர்வாளர் அண்ணாந்து பார்த்தார். சிரித்துவிட்டார். அப்புறம்தான் பேனாவைத் திறந்து பெயரை எழுதினார்.

யோகா ஹால் வரவில்லை, பந்து ரூம் பந்து ரூமாகவே இருந்தது. ஆனால் வருஷக் கடைசியில் மேடத்தின் தற்காலிக வேலையை நீட்டிக்கவில்லை. "டீம் இருக்கும்னுதான் பேச்சு. மேடம் இருப்பாங்கன்னு நான் சொல்லவே இல்லியே" என்றார் செயலாளர். எனக்கு இன்றைக்கும் அந்த ஆள் மேல் கோபம் ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளப் போவதும் இல்லை.

பதினோரு பேரும் மேடத்தின் வீட்டுக்குப் போனோம். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் இல்லாமல் ஆடமாட்டோம் என்று ஒரே குரலில் சொன்னோம். கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்தோம்.

"அறிவுகெட்ட கழுதைங்களா! டீம் போவக் கூடாதுன்னு பஸ் மேல ஏறி நின்னவடி நான். நீங்களே இழுத்து மூடிடுவீங்களா? ஆடலன்னு எவளாவது சொன்னா பல்ல ஒடச்சிடுவேன். போங்கடி!"

போனோம். புதிதாக வந்த சார் தங்கமானவர். நடுவரை 'சார்' என்று கூப்பிடுவார், நாங்கள் கோல் விட்டால் "பரவால்லம்மா" என்பார். அடுத்த வருஷம் மாவட்டக் கல்லூரிகளுக்கான போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனோம். கற்பகம் ஒருத்தியையும் தாண்ட விடவில்லை. நான் ஒரு பந்துகூட விடவில்லை. அமுதா ஒரு கோல் போட்டாள். ஜெயித்தோம், எங்கள் கல்லூரிக்கு முதல் கோப்பை.

சார் கை தட்டினார், எல்லோருக்கும் கை கொடுத்தார், பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். யாரும் கிளாஸைத் தொடவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அமுதா போனை எடுத்து, தருமபுரிப் பக்கம் ஏதோ கல்லூரியில் இருந்த மேடத்தைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஜெயிச்சிட்டோம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஏதோ கேட்டது.

"மேடம், இங்க யாருமே திட்ட மாட்டேன்றாங்க. நீங்க கொஞ்சம் திட்டுங்க மேடம்."

ஆரம்பித்தார். ஒரு கோல்தானா போட்டீங்க என்பதில் தொடங்கி, ஒருத்தி பெயரையும் விடாமல், பத்து நிமிஷம் திட்டினார். நாங்கள் பதினோரு பேரும் அந்தச் சின்ன போனைச் சுற்றித் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.