மச்சானின் டிராகன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முதுகெலும்பு வேண்டும். பெண் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளைக்கு அன்று ஒருநாள் மட்டும் அந்த எலும்பு இருப்பதில்லை.

கீரனூரிலிருந்து அறந்தாங்கிக்கு நான் போனது சுகந்தியின் அண்ணனைப் பார்க்க. மற்ற எல்லாருக்கும் என்னைப் பிடித்துவிட்டது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அவர் சரி என்றால்தான் கல்யாணம்.

காபி முடிந்ததும் சீட்டுக்கட்டை எடுத்தார். ராஜா ராணி இல்லை. மந்திரவாதி, பூதம், ஓநாய்.

"இந்த கேம் வெளாடுவீங்களா மாப்ள?"

"காலேஜ்ல இதே வேலைதான் மச்சான்." (காலேஜில் ஆடியது ரம்மி. அதிலும் தோற்றேன்.)

ஆளுக்கொரு கட்டு. சில சீட்டுகள் பிராணிகள், சில சீட்டுகள் அவற்றைக் காலி செய்யும் மந்திரங்கள் என்பதுவரை புரிந்தது. மிச்சமெல்லாம் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. எனக்கு வந்த முதல் மந்திரம், எதிராளியின் பிராணி ஒன்றை நாடு கடத்தச் சொன்னது. எங்கே கடத்துவது? யோசித்துவிட்டு, மச்சானின் ஓநாயைத் தூக்கிப்போய் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

வீடே சிரித்தது. பாராட்டுகிறார்கள் போல என்று நானும் சிரித்தேன்.

அடுத்து மச்சான் தகதகவென்று மின்னும் டிராகன் ஒன்றை இறக்கினார். "இது லேசுல கெடைக்காது மாப்ள. தேடித் தேடி வாங்குனது. இப்ப என்ன செய்வீங்க?"

என் கையிலிருந்த மந்திரம், 'அழித்துவிடு' என்றது.

டிராகனை அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து பதமாக உருவினேன். (உறையைச் சேதப்படுத்தினால் மரியாதையாக இருக்காதே.) இரண்டாகக் கிழித்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு முறை, நாலாக.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எட்டாகக் கிழிக்க வேண்டுமோ?

"மாப்ள... அழிக்கிறதுன்னா, அங்கிட்டு ஓரமா எடுத்து வைக்கிறது." மச்சான் ஒரு துண்டைக் கையில் எடுத்தார்.

"அப்ப நாடு கடத்துறதுன்னா?"

"அதுவும் ஓரமா வைக்கிறதுதான். வேற ஓரம்."

அந்த இரண்டு ஓரங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்று விளங்கியது ஒன்றுதான்: அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட வேண்டும். எழுந்தேன்.

அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு நின்ற சுகந்தி வெடித்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, சொன்னத அப்படியே செய்யிறாருண்ணே. இவரையே பேசி முடிச்சிருங்க."

மச்சான் நாலு துண்டுகளையும் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். என்னைப் பார்க்காமலேயே, "சரி" என்றார்.

இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அறந்தாங்கிக்குப் போகும்போது, ரேஷன் கடைக்கு நான் போய்வருகிறேன் என்று எழுந்தால் போதும், அடுப்படியிலிருந்து மாமியார் அலறுவார்:

"சுகந்தி! கார்ட மாப்பிள்ள கையில குடுத்துறாதடீ!"