தொக்ஜானின் கால்கயிற்றை வெட்டப்போவது யார்?

கரகந்தாவில் கணிதம் போதிக்கும் என் மதிப்புக்குரிய அக்கா ரௌஷானுக்கு, தராஸிலிருந்து தம்பி மெய்ராம்பெக் பணிவுடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் ஆடுமாடுகள் நலமா என்று முதலில் கேட்பதுதான் நம் முறை. ஐந்தாம் மாடியில் உனக்கு இருப்பது ஒரு பூனை. அது நலமா?

நிற்க. என் மகள் தொக்ஜான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். வரும் மாதம் முதல் ஞாயிறு அவள் கால்களில் கறுப்பு வெள்ளைக் கயிற்றைக் கட்டி, இனித் தடங்கலின்றி நடக்கட்டும் என்று வெட்டப்போகிறோம். வெட்டுகிறவரின் குணமும் மூளையும்தான் பிள்ளைக்கு வரும் என்பதால், அவள் பிறந்த அன்றே அந்தக் கத்தி உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நீ அதற்காகப் புதுக் கவுன்கூடத் தைத்துவிட்டாயாம். அதனால்தான் இதை எழுதக் கை வரவில்லை. அக்கா, எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

உன் மூளையைக் குறை சொல்லவில்லை. ஆனால் போன கோடையில் இங்கே வந்திருந்தபோது, தெருவே வேடிக்கை பார்க்கப் புருஷனை விரட்டியடித்த பக்கத்து வீட்டுக்காரியிடம் "அவர் சௌக்கியமா?" என்று மூன்று தடவை கேட்டாய். அவள் கோப்பை தளும்பத் தளும்ப டீ ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பு என்று அதற்கு அர்த்தம். நீயோ என்ன தாராள மனசு என்று பாராட்டி இன்னொரு கோப்பையும் வாங்கிக் குடித்தாய். அன்று முதல் எனக்கு ஒரே யோசனை. மூளை என்பது ஒன்றுதானா, பலவா? பல என்றால் மகளுக்கு எதைக் கேட்டு வாங்குவது?

ஆகவே விசாரணையில் இறங்கினேன். எதிர்வீட்டு மெக்கானிக் கெனெஸ்பெக் அண்ணன் கட்டிலில் படுத்தபடியே தெருவில் போகும் வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் மின்வாரியத்திலிருந்து கடிதம் வந்தால் நான்தான் போய்ப் படித்துக்காட்ட வேண்டும். மூன்று நாள் அவர் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

"எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?"

"காது குடுத்துக் கேளு. கேக்குதா?"

"சத்தம் கேக்குது."

"அதான்."

"எதுண்ணே?"

"எந்திரிச்சுப் போடா, வேலை கெடுது!"

அடுத்தது என் மனைவி அக்மராலின் சித்தி உல்சான். கல்யாணத்தில் இருநூறு பேரை உட்கார வைப்பார், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் வரவே மாட்டார்கள். அவர்களுக்குள் மனஸ்தாபம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இவ பேரைச் சொன்னேன், அவ வாயில இருந்த பவுர்சாக் பணியாரத்தை மெல்லாம முழுங்கினா. இதுக்கு மேல என்ன வேணும், மாப்பிள்ளை?" என்றார். அடுத்த விருந்தில் நானும் எல்லோருடைய தொண்டையையும் உற்றுப் பார்த்தேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் விழுங்கினார்கள். இரண்டு பெண்கள் என்னைப் பற்றி அக்மராலிடம் புகார் சொன்னதுதான் மிச்சம்.

இருவரில் யார் தேவலை என்று தெரியாமல், வியாழக்கிழமை டீக்கு இருவரையும் அழைத்தேன். சமோவார் கொதிக்கிற சத்தம் சரியில்லை என்று கெனெஸ்பெக் அண்ணன் அதைக் கழற்றிக் கம்பளத்தில் பரப்பிவிட்டார். உல்சான் சித்தி என் முகத்தை ஒரு பார்வை பார்த்து, "மாப்பிள்ளை நமக்குப் பரீட்சை வைக்கிறாரு" என்று கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். வந்த விருந்தாளிகளுக்கு டீ கொடுக்காமல் அனுப்பியது நம் வம்சத்திலேயே நான்தான். "கயிறு வெட்ட ஆள் தேடறீங்களா, பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் தேடறீங்களா?" என்று அக்மரால் கத்தினாள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கயிற்றை மூன்று புரியாகப் பின்னுவது. ஆளுக்கு ஒரு புரி வெட்டுவது. உனக்கு மூன்றில் ஒரு பங்கு. பின்னம் உனக்குப் பிடித்ததுதானே? கொடுத்த வாக்கை இப்படிக் கூறுபோடுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது அக்கா. மனம் நோகாமல் வந்துவிடு.

உன் பாதையில் வெளிச்சமும், உன் வீட்டு வாசலில் விருந்தாளிகளின் செருப்பும் என்றும் குறையாதிருக்கட்டும். பூனைக்கு என் விசாரிப்புகள்.

அன்புத் தம்பி,
மெய்ராம்பெக்

பி.கு.: அக்மரால் இதைப் படித்துவிட்டாள். "உங்களுக்கு வகுத்தல் யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். நீதான். வாத்தியார்கள் எல்லாம் கைகழுவிய பிறகு, ஆட்டு எலும்புக் காய்களைக் குவித்துப் பங்கு போட்டு விளையாடலாம் என்று கூப்பிட்டாய். நான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "அவங்க ரெண்டு பேருக்கும் தெரியும், ஆனா சொல்லித்தரத் தெரியாது. உங்க அக்கா உங்களுக்கே சொல்லித் தந்திருக்காங்க" என்றாள். ஆகவே மேலே எழுதிய எதையும் நீ படிக்கவில்லை. முழுக் கயிறும் உனக்குத்தான்.

இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனால் அவர்கள் இருவரும் சிரிக்கிறார்கள். நீதான் வெட்டுவாய் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லையாம். உல்சான் சித்தி உன்னைப் பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து பதினோரு ஆள் தள்ளி, மரியாதைக்குரிய இடத்தில் எப்போதோ உட்கார வைத்துவிட்டார். கெனெஸ்பெக் அண்ணன் கத்தியை இடதுகை வாட்டத்துக்குத் தீட்டி வைத்திருக்கிறார். போன கோடையில் நீ இறைச்சி நறுக்கியதை ஒரே ஒரு தடவை பார்த்தாராம்.

முப்பத்தாறு வருஷமாக நான் உன் தம்பி. அக்கா, நீ இடதுகைக்காரியா?